‘டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் இன்டர்ன்’: தமிழில் ஒரு பெயர் தேவை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் கேட்ட கேள்விக்கு ஒன்பது மறுமொழிகள் வந்துள்ளன, அனைவருக்கும் நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சூழலை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் சிறிய கலை அமைப்பு, இலாப நோக்கற்ற அறக்கட்டளையாகப் பதிவு பெற்றது. ஆண்டுதோறும் வேலைக்குப் புதியவர்கள் இருவரை ஆறு மாதங்களுக்குச் சேர்த்துக்கொண்டு, நகரத்தின் பழைய குடியிருப்புகளில் வாழும் முதியவர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்யப் பழக்குகிறது. அந்த இடத்துக்கு ஆங்கில அறிவிப்பில் ‘டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் இன்டர்ன்’ என்று பெயர். அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம் என்பது மேலாளரின் கருத்து. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் சுவரில் ஒட்டப்போகும் தாள் என்பதால், அந்தத் தெருக்காரர்களுக்குப் புரியும் பெயராக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஒன்பது மறுமொழிகளில் ஆறு, ‘எண்ணிமக் கதைசொல்லல் உள்ளகப் பயிற்சியாளர்’ என்பதையே சிற்சில மாற்றங்களுடன் பரிந்துரைக்கின்றன. இதிலுள்ள நான்கு சொற்களும் எனக்கு உறுத்துகின்றன. கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

‘பயிற்சியாளர்’ என்பது பயிற்சி பெறுபவரையும் குறிக்கும் என்று நாம் வாதிடலாம், ஊர் ஒப்புக்கொள்ளாது. கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர், உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளர் என்று நாளிதழ்கள் எழுதுவதெல்லாம் கற்றுக்கொடுப்பவரைத்தான். சென்ற ஆண்டு ‘கதைசொல்லல் பயிற்சியாளர் தேவை’ என்று நானே எழுதிக்கொடுத்த அறிவிப்பைப் பார்த்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இருவரும் ஒரு யோகா ஆசிரியரும் விண்ணப்பித்தார்கள். ஆசிரியர்களில் ஒருவர், ஒரு வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள் என்று தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று.

‘உள்ளக’ என்பது ஆங்கிலச் சொல்லின் நிழல். மருத்துவமனைக்குள்ளேயே தங்கிப் பணியாற்றிய இளம் மருத்துவரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘உள்ளிருப்பவர்’ என்ற பொருளில் அழைத்தார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து நமக்கும் அந்த ‘உள்’ வந்து ஒட்டிக்கொண்டது. அலுவலகங்களில் ‘உள்ளகப் புகார்க் குழு’ என்று படித்துப் பழகியவர்களுக்கு, ‘உள்ளகப் பயிற்சி’ ஊழியர்களுக்கு நடத்தும் வகுப்பாகவே தோன்றும். எங்களிடம் சேருபவர்களோ பாதி நாள் வெளியே, அல்சூர்ச் சந்துகளில் அலைகிறார்கள். நம் கலைகளில் இந்த நிலைக்குச் சொல் இல்லாமல் இல்லை. நாகசுரக் குழுவில் சீடர் ஒத்து ஊதிக்கொண்டே வித்தையைக் காதில் வாங்கிக்கொள்வதுண்டு. ஆனால் ‘ஒத்து ஊதுபவர் தேவை’ என்று அறிவித்தால் யார் விண்ணப்பிப்பார்கள்? ஆகவே ‘பழகுநர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வாகனம் ஓட்டப் பழகுபவருக்குப் ‘பழகுநர் உரிமம்’ தருகிறார்கள். சொல் நாடறிந்தது, யாரையும் தாழ்த்தாதது.

‘டிஜிட்டல்’ என்பதற்கு எண்ணிமமா, சிங்கப்பூரில் வழங்கும் மின்னிலக்கமா, இலங்கை வழக்கான இலக்கமுறையா என்று ஐந்து மடல்கள் செலவாகிவிட்டன. அந்த அடைமொழியே இங்கே வேண்டாம் என்பது என் துணிபு. 1994இல் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி, நினா மல்லன் ஆகியோர் சான் பிரான்சிஸ்கோவில் ‘டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்’ பட்டறைகளுக்கென ஒரு மையம் தொடங்கியபோது, எளிய மனிதர் கணினியில் தம் கதையைத் தாமே படமாக்குவது புதுமை; பெயரில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த காலத்தில் நாமும் ‘பேசும்படம்’ என்றுதான் சொன்னோம். எல்லாப் படங்களும் பேசத் தொடங்கியபின் ‘படம்’ என்பதே போதுமானதாகிவிட்டது. இன்று டிஜிட்டல் அல்லாத ஒலிப்பதிவை நம்மில் யார் செய்கிறோம்?

‘கதைசொல்லல்’ என்பதில்தான் உண்மையான சிக்கல். ‘கதைசொல்லி’க்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் உண்டு. புனைவுக்குள் நின்று பேசும் குரலைத் திறனாய்வாளர்கள் அப்படி அழைக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து வாய்மொழியாகக் கதை சொல்பவரை மற்றவர்கள் அப்படி அழைக்கிறார்கள். கி. ராஜநாராயணன் தாம் நடத்திய இதழுக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். எங்கள் வேலையில் கதை சொல்பவர் யார்? கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவரின் மனைவி ஒருவர், 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் மகனுடன் அல்சூருக்கு வந்தவர், பிஸ்கட் டப்பா ஒன்றில் பதினொரு புகைப்படங்களை வைத்திருந்தார். திருமணப் படத்தின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. மாமியார் நின்ற மூலை அது. ‘ஆள் போயிட்டாலும் அதட்டல் போகல’ என்று அவர் சொன்ன நொடியில் அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. எங்களிடம் பழகிய பெண் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி பேசச் சொல்லலாம் என்றாள். ‘மாமியார் பேச்சு எடுத்ததும் அதுதாம்மா சரியா அடிச்சிருக்கு, இருக்கட்டும்’ என்று அம்மா மறுத்துவிட்டார். இரண்டு நிமிடம் பத்து வினாடி ஓடும் அந்தப் பதிவில் விசில் இருக்கிறது. கதைசொல்லி அந்த அம்மாதான். படங்களை ஸ்கேன் செய்ததும், ஒலியின் இரைச்சலைக் குறைத்ததும், குரலின் ஓட்டத்துக்கு ஏற்பப் படங்களை அடுக்கியதும் அந்தப் பெண். அவளுக்குக் கதைசொல்லிப் பட்டம் கொடுத்தால், அம்மாவுக்கு நாம் மிச்சம் வைப்பது என்ன?

இந்த வடிவத்துக்கு இலக்கணமும் உண்டு. பிபிசி 2001 முதல் 2008 வரை வேல்ஸில் நடத்திய ‘கேப்சர் வேல்ஸ்’ திட்டத்தை வழிநடத்திய டேனியல் மெடோஸ், சுமார் 250 சொற்கள், பன்னிரண்டு படங்கள், இரண்டு நிமிடங்கள் என்று அளவு சொல்லிவந்தார். தமிழில் 250 சொற்கள் இரண்டு நிமிடங்களில் அடங்க மாட்டா. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பதும் நமக்கு ஒரு சொல்லே. நாங்கள் 170 சொற்களோடு நிறுத்தச் சொல்கிறோம். எப்படியாயினும், சொல்பவரின் சொந்தக் குரலும் அசையாத படங்களுமே இதன் உயிர். ‘மின்கதை’ என்றால் மின்னூலில் வந்த சிறுகதையாகும். ‘படக்கதை’ சித்திரக்கதைக்குப் போய்விட்டது. நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘குரலோவியம்’ அழகானதே, ஆனால் காதில் விழும்போது அது கலைஞரின் ‘குறளோவியம்’ ஆகிவிடும். நிழற்படம் என்ற சொல்லின் அச்சில் ‘குரற்படம்’ என்று வார்க்கலாம் என்பது என் முன்மொழிவு. ஆளுக்குக் ‘குரற்படப் பழகுநர்’. உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

அல்சூரிலிருந்து


மறுமொழி

அன்புள்ள தம்பிக்கு,

‘குரற்படம்’ நன்றாக அமைந்திருக்கிறது; அதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பழகுநர்’ வேண்டாம். சட்ட ஆவணங்களை முப்பது ஆண்டுகள் மொழிபெயர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 1961ஆம் ஆண்டின் சட்டத்துக்குத் தமிழில் ‘தொழில் பழகுநர் சட்டம்’ என்று பெயர். அதன்கீழ் வருபவருக்கு ஒப்பந்தம், அதைப் பதிவு செய்தல், குறைந்தபட்ச உதவித்தொகை என்று வரையறைகள் உண்டு. உங்கள் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். நாளை ஒருவர் அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால், சொல்லைப் புனைந்தவர் நீங்கள் என்பது யாருக்கும் உதவாது.

தமிழில் இந்த நிலைக்குப் பெயருக்கு முன்னால் ‘பயிற்சி’யைச் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பயிற்சி மருத்துவர் என்றால் மருத்துவருக்குப் பயிற்சி அளிப்பவர் என்று எந்த நோயாளியும் நினைப்பதில்லை. ஆகவே ‘பயிற்சிக் கதைப்பதிவர்’ என்று வையுங்கள். வலைப்பதிவர் என்ற சொல் வழங்குவதால் ‘பதிவர்’ புதிதாக இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே ஆங்கிலப் பெயரில் மற்ற அமைப்புகள் சேர்த்துக்கொள்ளும் இளைஞர்கள் இன்ஸ்டாகிராமுக்கு ரீல்ஸ் வெட்டுகிறார்கள், நன்கொடையாளர்களுக்கு மாத மடல் எழுதுகிறார்கள், நாடக அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் வடிவமைக்கிறார்கள். உங்கள் சொல் அவர்களுக்கும் பொருந்துமா?

காக்ஸ் டவுனிலிருந்து


மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை: பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அமைப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்கு மக்கள் தொடர்பு என்ற பழைய, நேர்மையான பெயர் இருக்கிறது. சமூக ஊடகத்தில் செய்தால் ‘சமூக ஊடகப் பயிற்சிப் பணி’ என்று அறிவிக்கட்டும். அதற்கும் பிஸ்கட் டப்பா அம்மாவின் கதைக்கும் ஆங்கிலம் ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை. பத்திரிகை படித்துவிட்டு நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் எந்த வேலைக்கு வருகிறோம் என்று தெரியாமல் வருவதற்கு அந்த ஒற்றைப் பெயரே காரணம்.

‘பழகுநர்’ குறித்து நேற்று இரவு வரை மல்லுக்கட்டத்தான் எண்ணியிருந்தேன். ஓட்டுநர் உரிமத்திலும் அதே சொல் இருக்கும்போது சட்டம் அதைத் தனக்கென்று பட்டா போட்டுக்கொள்ள முடியுமா என்று ஒரு பத்தியும் எழுதி வைத்திருந்தேன். காலையில் அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒளிப்படங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இரண்டு பெயர்களையும் படித்துக் காட்டினேன். ‘குரற்படப் பழகுநர்’ என்றதும், ‘சினிமாவுல பாடக் கத்துக்கிறவங்களா?’ என்றார். ‘பயிற்சிக் கதைப்பதிவர்’ என்றதும், ‘ஓ, அந்தப் பொண்ணு மாதிரி’ என்றார். பத்தியை அழித்துவிட்டேன்.

எனவே ஆளுக்குப் ‘பயிற்சிக் கதைப்பதிவர்’, ஆக்கத்துக்குக் ‘குரற்படம்’. தகுதிப் பகுதியில் ‘இளநிலை’ என்று எழுதச் சொன்ன நண்பருக்கு: அது கல்லூரிப் பட்டத்தையும் அரசுப் பணியின் ஒரு படிநிலையையும் குறிப்பதால், ‘வேலைக்குப் புதியவர்கள், வயது வரம்பில்லை’ என்றே எழுதியிருக்கிறேன். பிள்ளை பெற்று, இடைவெளிக்குப்பின் வேலைக்கு வர நினைக்கும் பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

அறிவிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு சொல் மட்டும் முடிவாக வேண்டும். மாதந்தோறும் தரும் பணத்துக்குக் கன்னட அறிவிப்பில் ‘சிஷ்யவேதன’ என்று கம்பீரமாகப் போட்டிருக்கிறார்கள். நம் ‘உதவித்தொகை’யோ முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் அரசு தருவதையே நினைவூட்டுகிறது. பயணப்படி, அகவிலைப்படி போலப் ‘பயிற்சிப்படி’ என்று போடலாமா? வியாழன் மாலைக்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.

அல்சூரிலிருந்து