மகனுக்குக் கல்லூரி இடம்: வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

செங்காங் தாய்:

அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலை காரணமாகச் சென்ற மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிவந்தோம். மகனுக்கு எப்படியாவது இந்த ஆண்டே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தாக வேண்டும். தேக்கா அருகே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு முகவர், நகர மையத்தில் உள்ள ஒரு கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டயப்படிப்புக்கு இடம் இருக்கிறது என்றும், அதை முடித்தால் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றும் சொல்கிறார். பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, தொடக்கக் கல்லூரி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எது அரசினுடையது, எது தனியாருடையது என்றே எனக்குப் பிடிபடவில்லை. இரவில் தூக்கம் வரவில்லை. பணத்தைக் கட்டிவிடலாமா?

ஜூரோங்வாசி:

சகோதரி, கவலைப்படாதீர்கள். நாங்கள் வந்த புதிதில் வழி சொல்ல ஒருவரும் இல்லை. பூன் லேயில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கார அம்மாள் சமைத்து முடித்த பிறகுதான் அடுப்பைத் தொடலாம் என்ற நிபந்தனையோடு அந்த முதல் மாதங்களைக் கழித்தோம். மகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனாலும் பள்ளி முடித்து, தொடக்கக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து, பல்கலைக்கழக நுழைவுக்கான ஏ நிலைத் தேர்வெழுதி, இன்று அவள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். உங்கள் மகனையும் தொடக்கக் கல்லூரியில் சேருங்கள். பல்கலைக்கழகத்திற்கு அதுவே ராஜபாட்டை. தொழிற்கல்லூரிப் பக்கம் போக வேண்டாம்.

உட்லண்ட்ஸ் பொறியாளர்:

ஜூரோங்வாசி ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. 1954-இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) தொடங்கி நீ ஆன், தெமாசெக், நன்யாங், 2002-இல் வந்த ரிபப்ளிக் வரை ஐந்து தொழிற்கல்லூரிகளும் அரசு நிதியில் இயங்குபவை. மூன்றாண்டுப் பட்டயம் முடித்த கையோடு வேலைக்குப் போகலாம், பல்கலைக்கழகத்திற்கும் போகலாம். நான் அப்படிப் போனவன். பட்டயத்தில் படித்த பாடங்களுக்கு விலக்கு கிடைத்ததால் பட்டப்படிப்பையும் விரைவாக முடித்தேன். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2009-இல் தொடங்கப்பட்டதே பெரும்பாலும் தொழிற்கல்லூரி மாணவர்கள் பட்டம் பெறுவதற்காகத்தான். 'கழகம்' என்ற பெயரைப் பார்த்துக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். 2014 முதல் அதுவும் முழுமையான தன்னாட்சிப் பல்கலைக்கழகம். நம் ஆட்கள் தொழிற்கல்லூரி என்றாலே முகம் சுளிப்பதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

பிடோக் நண்பர்:

நீங்கள் இருவரும் சொல்வது இருக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் கட்டணம் தனிப்பட்டியல்தான். குடிமக்களுக்கு ஒன்று, நிரந்தரவாசிகளுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. வாடகை, மின்கட்டணம், பேருந்து எல்லாம் போகக் கையில் என்ன மிஞ்சுகிறது? கட்டணம் குறையும் என்று பிள்ளையின் பெயரையும் சேர்த்து நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பித்தால், ஆண் பிள்ளைக்கு, ராணுவம், காவல்துறை போன்றவற்றில் கட்டாயமாகப் பணியாற்றும் தேசிய சேவைக் கடமை வந்துவிடும். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். இதையெல்லாம் வேலையில் சேரும்போது எந்த நிறுவனமும் சொல்வதில்லை.

ஜூரோங்வாசி:

உண்மை. முகவர்களும் சொல்வதில்லை. என் உறவினர் ஒருவர் முகவரை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீது யார் பெயரில் இருந்தது என்றுகூடத் தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தார்.

தெம்பனிஸ் ஆலோசகர்:

அன்புள்ள சகோதரிக்கு. தனியார் கல்வி நிலையங்களின் மாணவர் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மகனின் வயது, அவர் முடித்த வகுப்பு, அவர் இங்கே எந்த அனுமதியில் தங்கியிருக்கிறார் என்ற மூன்றும் தெரியாமல் யாரும் உங்களுக்கு வழி சொல்ல முடியாது. அவற்றைத் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை முகவருக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.

செங்காங் தாய்:

மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மகன் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறான். இந்த மாதம்தான் முடிவு வந்தது, கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். கணவருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதி, மகனுக்கு அவரைச் சார்ந்து தங்குவதற்கான டிபெண்டண்ட் பாஸ். அக்டோபரில் அவனுக்குப் பதினெட்டு வயது நிறைவடைகிறது. கணினிப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. வணிக நிர்வாகம் முகவர் சொன்னது.

தெம்பனிஸ் ஆலோசகர்:

இப்போது தெளிவாகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவருக்குத் தொடக்கக் கல்லூரி தேவையில்லை. அங்கே எழுதும் ஏ நிலைத் தேர்வுக்கு இணையான கட்டத்தை அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார். அவருக்கு உள்ள வழிகள் மூன்று.

முதலாவது, தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம், உட்லண்ட்ஸ் பொறியாளர் குறிப்பிட்ட தொழில்நுட்பக் கழகம், சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என ஆறு. இவை தாமே பட்டம் வழங்குபவை, அரசு நிதி பெறுபவை. கணினிப் பொறியியல் விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டுக்கான விண்ணப்பங்கள் பொதுவாக மார்ச் மாத வாக்கிலேயே முடிந்துவிடும் என்பதால், மகன் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். மதிப்பெண் கையில் இருப்பதால், விண்ணப்பம் திறக்கும் முதல் வாரத்திலேயே எல்லாச் சான்றுகளோடும் அவர் தயாராக இருக்கலாம். போட்டி கடுமையானது, ஒரே பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவது, பலதுறைத் தொழிற்கல்லூரி. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். வெளிநாட்டுச் சான்றிதழ் உள்ளவர்கள் ஒவ்வொரு தொழிற்கல்லூரிக்கும் நேரடியாக விண்ணப்பிக்க வழி உண்டு. படிப்பு நல்ல படிப்பு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் இவ்வளவு மதிப்பெண் வாங்கியவர் மேலும் மூன்று ஆண்டுகளைப் பட்டயத்திற்குச் செலவிடுவதா என்பதை மகனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழக இடம் கிடைக்காவிட்டால் தாராளமாக இதை எடுக்கலாம் என்பேன்.

மூன்றாவது, முகவர் காட்டும் தனியார் கல்வி நிலையம். இவற்றில் மிக நல்லவையும் இருக்கின்றன. கிளமெண்டி சாலையில் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திற்குப் பக்கத்திலேயே இருக்கும் சிம் என்ற தனியார் நிலையம், லண்டன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. ஆனால் பெயரும் வளாகமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தனியார் நிலையத்தில் பட்டத்தை வழங்குவது பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே. எனவே எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும், பட்டயம் முடித்தவரை எந்த ஆண்டில், எந்த மதிப்பெண்ணுக்குச் சேர்த்துக்கொள்ளும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. பின்னர் இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டத்திற்கு அங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதையும் முன்னதாகவே விசாரியுங்கள்.

நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று, தனியார் கல்வி நிலையங்களின் தரத்திற்கு வழங்கப்படும் எஜுடிரஸ்ட் சான்று. டிபெண்டண்ட் பாஸ் இருபத்தொரு வயது வரைதான். மகன் அந்த வயதை எட்டும்போது படிப்பு முடிந்திருக்காது. அப்போது அவர் மாணவர் அனுமதிக்கு மாற வேண்டியிருக்கும். தனியார் நிலையங்களில் எஜுடிரஸ்ட் பெற்றவற்றில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் மாணவர் அனுமதி தருகிறது. சான்று இல்லாத நிலையத்தில் இன்று டிபெண்டண்ட் பாஸோடு சேர்ந்துவிட முடியும், ஆனால் படிப்பின் நடுவில் தடுமாற நேரும். நான்காண்டுச் சான்றும் உண்டு, ஓராண்டுத் தற்காலிகச் சான்றும் உண்டு. எது, எந்தத் தேதி வரை என்பதை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் கீழ் இயங்கும் தனியார் கல்விக் குழுவின் இணையப் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

வெள்ளிக்கிழமைக் கெடுவை நினைத்து அஞ்ச வேண்டாம். முறையான நிலையம் முதலில் மாணவர் ஒப்பந்தத்தைப் படிக்கத் தரும். கையெழுத்திட்ட பிறகும் ஏழு வேலை நாள்களுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். நிலையம் மூடப்பட்டாலும் நீங்கள் செலுத்திய கட்டணம் பறிபோகாமல் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டமும் இருக்க வேண்டும். பணம் கட்டுவதாக இருந்தால் நிலையத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். முகவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

செங்காங் தாய்:

மனம் நிறைந்த நன்றி. பட்டியலைப் பார்த்தேன், அந்த நிலையத்தின் பெயர் அதில் இருக்கிறது, ஆனால் எஜுடிரஸ்ட் இருப்பதாகக் குறிப்பிடவில்லை. முகவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கட்டணத்தை எப்படிச் சமாளிப்பது? இடையில் அவன் ஏதாவது பகுதிநேர வேலைக்குப் போகலாமா?

பிடோக் நண்பர்:

வேலைக்கு இப்போது போக முடியாது. டிபெண்டண்ட் பாஸ் வைத்திருப்பவர் வேலை செய்ய வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி வேண்டும்.

தெம்பனிஸ் ஆலோசகர்:

நண்பர் சொல்வது சரி. கட்டணத்தைப் பொறுத்தவரை, தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவரும் கல்வி அமைச்சின் கல்விக் கட்டண மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம். மானியம் பெற்றால் கட்டணம் கணிசமாகக் குறையும். பதிலுக்குப் பட்டம் பெற்ற பின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். தொழிற்கல்லூரியிலும் இதே நிபந்தனை உண்டு. தனியார் நிலையங்களுக்குப் பொதுவாக இந்த மானியம் கிடையாது. ஒப்பந்தத்திற்குப் பிணையாளர்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதால், யாரைக் கேட்பது என்று இப்போதே கணவரோடு பேசி வையுங்கள்; ஊரிலுள்ள உறவினரைக் கேட்பதானால் கடைசி வாரத்தில் தாள்களை அனுப்பி வாங்குவது சிரமம்.