மறு: காபன் வரி – திரும்பி வரும் காசுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எரிபொருளை எரிப்பதால் வெளியேறும் காபன் வாயுவுக்காக வாங்குவது காபன் வரி. கனடாவில் அதன் பெரும்பகுதியை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இவற்றுக்கு நம் சொற்கையேட்டில் என்ன சொல் வைப்பது என்று பேசத் தொடங்கி, 'வரி'யா 'கட்டண'மா என்ற பேச்சிலேயே இழை நீண்டுவிட்டது. அதற்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, எனக்கு முக்கியமாகப் படுகிற விடயத்துக்கு வருகிறேன்.

> கரிம வரி என்று வைத்தால் நல்ல தமிழாக இருக்குமே?

இருக்கும். ஆனால் கரிம உரம், கரிம வேளாண்மை என்று படித்துப் பழகியவர்களுக்கு அது இயற்கை விவசாயத்துக்குப் போட்ட வரி போலத் தோன்றும். தமிழ்நாட்டுப் பாடநூலில் கார்பன், இலங்கைப் பாடநூலில் காபன். அவரவர் பழக்கப்படி எழுதட்டும்.

> உச்ச நீதிமன்றமே வரி இல்லை என்று சொன்ன பிறகு நாம் ஏன் வரி என்கிறோம்?

2021 மார்ச் 25 அன்று கனடா உச்ச நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் பொருளில் காபன் வரி என்பது வரியல்ல, ஒழுங்குமுறைக் கட்டணம் என்றது. சட்டத்தைப் பற்றி எழுதும் இடத்தில் அப்படியே எழுதுவோம். சந்தையிலும் வீட்டிலும் சனம் வரி என்றுதான் சொல்கிறது. அந்தச் சொல்லைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

நமக்கு இன்னும் சொல் கிடைக்காதது, திரும்பி வந்த காசுக்குத்தான். அதனால் என்ன நடந்தது என்பதை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் கண்முன்னே பார்த்தேன்.

நாங்கள் நடத்தும் முதியோர் ஒன்றுகூடலுக்கு ஓர் அம்மா, வீட்டைச் சூடாக்கும் காஸுக்கான 2025 ஜனவரி மாத பில்லைக் கொண்டுவந்தார். நாலாக மடித்து, கைப்பைக்குள் மருந்துச் சீட்டோடு வைத்திருந்தார். 400 கனமீற்றர் எரித்திருந்தார்கள். காபன் கட்டணம் தனியாக ஒரு வரிசையில் இருந்தது: கனமீற்றருக்கு 15.25 சதம், 61 டொலர். அதன்மேல் 13 சதவீத விற்பனை வரி, 7 டொலர் 93 சதம். அந்த இடத்தை விரலால் தொட்டு, "தம்பி, இந்தக் காசை நான் ஆருக்குக் கட்டுறன்? எனக்கு என்ன வருது?" என்று கேட்டார்.

வருகிறது, அம்மா. அந்த ஜனவரி 15ஆம் திகதியே வந்திருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மூன்று மாதத்துக்கு 210 டொலர். ஆனால் யாருடைய வருமான வரிப் பத்திரம் முதலில் கணிக்கப்பட்டதோ அவருக்குத்தான் முழுத்தொகையும் போனது. பில் அம்மாவின் பெயரில், காசு அவர் கணவர் ஐயாவின் கணக்கில். ஐயாவோ அதை ஓய்வூதியத்தில் ஏதோ கூட்டித் தந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். எடுத்ததற்குப் பெயர் இருந்தது, கொடுத்ததற்குப் பெயர் இல்லை.

இது அந்த வீட்டில் மட்டும் நடந்ததல்ல. முதலில் இந்தத் தொகை ஆண்டு வரிக்கணக்குக்குள் அடங்கி வந்தது. 2022 யூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வரத் தொடங்கியது. அரசு வைத்த பெயர் காலநிலைச் செயற்பாட்டு ஊக்கத்தொகை. கணக்குச் சீட்டில் அதற்கு வங்கிக்கு வங்கி ஒவ்வொரு சுருக்கம். மக்களுக்கு விளங்கவில்லை என்று கண்டு 2024 பெப்ரவரியில் 'கனடா காபன் ரிபேட்' (rebate) என்று பெயரையே மாற்றினார்கள். ஆங்கிலத்திலேயே இந்தப் பாடு என்றால், தமிழில் பெயரே வைக்காமல் விட்ட நமக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது?

வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். 'தள்ளுபடி' என்றால் பில்லில் குறைய வேண்டும். இங்கே பில் குறையவில்லை, குறையவும் கூடாது. குறைவாக எரித்தால் குறைவாகக் கட்டலாம் என்ற தூண்டுதல் பில்லில் இருந்தால்தான் திட்டம் வேலை செய்யும். 'மானியம்' என்றால் அரசு தன் பையிலிருந்து தருவது. 'கொடுப்பனவு' என்றால் எங்கள் ஆட்களுக்கு முதியோர் உதவிப் பணம்தான் நினைவுக்கு வரும். அகராதிப்படி 'கழிவு' சரியான சொல். வரிக்கழிவு, விலைக்கழிவு என்று இலங்கையில் இன்றும் எழுதுகிறோம். ஆனால் 'காபன் கழிவு' என்று எழுதிப் பாருங்கள், புகைபோக்கியால் வெளியே போவதுதான் கண்ணில் தெரியும்.

நான் முன்வைப்பது மீள்பங்கு. இதில் 'பங்கு' என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாகாணத்தில் திரட்டியதில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வீடுகளுக்குப் பகிர்ந்தார்கள். எவ்வளவு எரித்தாய் என்று கேட்கவில்லை, ஆளை எண்ணிக் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் ஒன்ராறியோவில் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 1,120 டொலர். அந்த வீடு ஆண்டுக்கு 2,400 கனமீற்றர் காஸ் எரித்து, வாரம் 40 லீற்றர் பெற்றோல் அடித்தது என்று வையுங்கள். பெற்றோலுக்குக் காபன் கட்டணம் லீற்றருக்கு 17.61 சதம். காஸுக்கு 366, பெற்றோலுக்கும் 366, விற்பனை வரியோடு மொத்தம் ஏறத்தாழ 827 டொலர். கடைச் சாமான் விலைக்குள் புகுந்தது இதில் சேரவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

சென்னையிலிருந்து எழுதிய ஐயா, "வரி என்றால் போவதுதானே, திரும்புவது எங்கே?" என்று கேட்டிருந்தார். அவர் கேள்வி நியாயம். இந்தியாவில் நிலக்கரிக்கு 2010இல் தொன்னுக்கு 50 ரூபாய் செஸ் என்னும் மேல்வரி போட்டார்கள், 2016இல் அது 400 ஆனது. மின்கட்டணத்துக்குள் அது மறைந்தே இருந்தது. யார் கணக்குக்கும் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவருக்கு 'மீள்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவிஸிலிருந்து வந்த மடல் எனக்குப் பெரிய தெம்பு. அங்கே சூடாக்கும் எண்ணெய்க்கும் காஸுக்கும் 2008 முதல் இந்தத் தீர்வை உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கை மக்களுக்கும் தொழில்களுக்கும் திருப்பிக் கொடுக்கிறார்கள். மக்களின் பங்கை ஆளுக்குச் சமமாக, மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் கழித்துத் தருகிறார்கள். அதற்கும் மீள்பங்கு பொருந்துகிறது.

தங்கள் நாட்டில் அப்படிப் பங்கு பிரித்துத் தரவில்லை என்ற சிட்னி அக்காவின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2012 யூலை 1 அன்று வெளியேறும் வாயுவில் தொன்னுக்கு 23 டொலர் என்று காபன் வரி தொடங்கியபோது, ஈடாக வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டொலரிலிருந்து 18,200க்கு உயர்த்தினார்கள், ஓய்வூதியத்தைக் கூட்டினார்கள். அது பங்கு அல்ல. அங்கே 'ஈட்டுச் சலுகை' என்றே எழுதுவோம்.

அவர் எழுப்பிய இன்னொரு விடயத்தை நாம் எல்லோருமே விட்டுவிட்டோம். உள்ளூராட்சி மன்றத்தின் செலவு. அங்கே ஆண்டுக்கு 25,000 தொன்னுக்கு மேல் வாயு விடும் குப்பைமேடுகளும் சட்டத்துக்குள் வந்தன. சட்டத்துக்கு முன்னரே கொட்டிய பழங்குப்பைக்கு விலக்கு. ஆனால் இன்று கொட்டுவது பல பத்தாண்டுகள் மீதேன் விடும் என்பதால், வரப்போகும் செலவையும், குப்பை கொட்ட வருவோரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் அன்றே வாங்க வேண்டியிருந்தது. நியூ சவுத் வேல்ஸில் 2012-13க்கு மன்றங்கள் தங்கள் வீட்டுவரி வருமானத்தை உயர்த்த விடப்பட்ட 3.6 சதவீதத்தில் 0.4 இதற்காகவே. 2014இல் சட்டத்தை நீக்கினார்கள்.

ஒன்ராறியோவிலும் அப்படித்தான். நகரசபையின் லொறிக்கு 400 லீற்றர் டீசல் அடித்தால், 21.39 சதப்படி காபன் கட்டணம் மட்டும் 85 டொலர் 56 சதம். பனிச்சறுக்கு அரங்கு, நூலகம், நீச்சல் தடாகம் எல்லாவற்றுக்கும் காஸ். வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பங்கு நகரசபைக்குக் கிடையாது. அந்தச் செலவு சொத்து வரிக்குள் போய்ச் சேர்ந்தது. காஸ் பில்லில் கண்ட அம்மாவால் சொத்து வரிச் சீட்டில் அதைக் காண முடியாது. இதற்கு 'உள்ளடங்கு காபன் செலவு' என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், இதைவிடச் சுருக்கமாக ஒருவர் தந்தால் உடனே மாற்றுவேன்.

> 2025 ஏப்ரல் 1 உடன் வீட்டு எரிபொருள் மீதான கட்டணமே போய்விட்டது. இனிச் சொல் எதற்கு?

குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்கிறோம். சுங்கம் போன பிறகும் சொல் இருந்தபடியால்தான் நமக்கு அந்தச் செய்தி தெரியும். கனடாவில் பெருந்தொழிற்சாலைகளுக்கான காபன் விலை இன்னும் நடப்பில் இருக்கிறது. சுவிஸில் கழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கையேட்டில் சேர்க்க எழுதிய பதிவு:

மீள்பங்கு: காபன் வரியாகத் திரட்டிய பணத்தில், எவ்வளவு எரித்தார்கள் என்று பாராமல், ஆள் கணக்கில் மக்களுக்குப் பிரித்துத் திருப்பிக் கொடுக்கும் தொகை. எ-டு: "இந்த முறை மீள்பங்கு ஐயாவின் கணக்குக்கு வந்தது."

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம். அதற்குள் திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.