கவுன்டர் இன்டெலிஜென்ஸ்: எதிர்உளவா, உளவுமுறியா?

அன்பர்களே,

போர் உத்தி பற்றிய பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் ஆறாம் இயலை அனுப்பியாக வேண்டும். இன்டெலிஜென்ஸுக்கு 'உளவு' என்று போட்டு ஐந்து இயல்களை ஓட்டிவிட்டேன், இப்போது கவுன்டர் இன்டெலிஜென்ஸில், அதாவது பிறர் நம்மை உளவு பார்க்காமல் காக்கும் வேலைக்குப் பெயர் வைப்பதில், வண்டி நின்றுவிட்டது. 'எதிர்உளவு' என்று எழுதி வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் அதை 'எதிரியின் உளவு' என்று எடுத்துக்கொண்டு விடை எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதிரணி என்றால் எதிரில் இருக்கும் அணிதானே? நல்ல சொல் சொல்லுங்கள்.

---

ஐயா, வணக்கம்.

உளவை விடுங்கள், ஒற்று இருக்கிறது. வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நீங்கள் தேடும் வேலையும் அதற்குள் இருக்கிறது: 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' (588). இன்னும் பழையது வேண்டுமானால் தொல்காப்பியத்து வெட்சித் திணையில் 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்று வருகிறது. இந்த வேயிலிருந்துதான் வேவு. வேய்தல் என்றால் மூடுதல், அணிதல். கூரை வேய்கிறோம், முடி வேய்கிறோம். வேற்றுருவை வேய்ந்துகொண்டு போகிறவன் செய்வது வேய் என்பது என் நெடுநாள் எண்ணம். 586இல் துறந்தார் படிவத்தில் போகும் ஒற்றரைப் பாருங்கள், பொருந்துகிறதா இல்லையா? ஆகவே 'வேய்காப்பு' என்று முன்மொழிகிறேன்.

---

> ஆகவே 'வேய்காப்பு' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, மன்னிக்க வேண்டும். வேய் என்றால் மாணவருக்கு மூங்கில்தான் நினைவுக்கு வரும், அதுவும் நன்றாகப் படித்த மாணவருக்கு. 'எதிரொற்று' என்று வைத்தாலோ அது புணர்ச்சி விதி போலத் தெரிகிறது. ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்பார்கள்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். 588 சொல்வது சரிபார்ப்பு. 1942இல் ஜப்பானியச் செய்திகளில் 'ஏ.எஃப்.' என்று ஓர் இலக்கு திரும்பத் திரும்ப வந்தது. பசிபிக்கில் இருந்த அமெரிக்கத் தளமான மிட்வேயாக இருக்கும் என்று அமெரிக்கச் சங்கேத ஆய்வாளர்கள் ஊகித்தார்கள், ஆனால் ஊகத்தை நம்பிக் கப்பலை அனுப்ப முடியாதே. நன்னீர்க் கருவி பழுதாகிவிட்டது என்று மிட்வேயிலிருந்து வெளிப்படையாக வானொலியில் சொல்லச் செய்தார்கள். அப்புறம் ஒட்டுக்கேட்ட ஜப்பானியச் செய்தியில் 'ஏ.எஃப்.' தண்ணீருக்குத் தவிக்கிறது என்று இருந்தது. அருமையான வேலை, ஆனால் இது இன்னும் உளவுதான், நம் தகவலை நாமே உரசிப் பார்ப்பது. நீங்கள் கேட்பது பிறர் நம்மை உரசாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு 589தான் வேண்டும், 'ஒற்றொற் றுணராமை ஆள்க', ஓர் ஒற்றரை இன்னோர் ஒற்றர் அறியாதபடி வைத்துக்கொள் என்பது. ஒருவர் பிடிபட்டாலும் மற்றவர் பெயர் வெளிவராது. ஆல்ட்ரிச் ஏம்ஸ் சி.ஐ.ஏ.வின் சோவியத் பிரிவில் எதிரி ஒற்றரைப் பிடிக்கும் வேலைக்கே தலைவராக இருந்தார். 1985இல் அவரே சோவியத்துக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கினார், 1994இல்தான் கைதானார். எல்லாப் பெயரும் ஒரே மேசையில் குவிந்திருந்ததன் விலை அது.

நச்சுமுறி என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதே போக்கில் 'உளவுமுறி' என்று வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

---

முறி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முறிந்தால் அதோடு போயிற்று. இந்தக் கலையின் உச்சம் முறிக்காமல் திருப்பி விடுவதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக வேலை செய்த ஹுவான் புஜோல் கார்சியா, கார்போ என்ற மறைபெயரில், இல்லாத 27 துணை ஒற்றர்களைக் கற்பனையில் உண்டாக்கி ஜெர்மானியரை நம்ப வைத்தார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் படை இறங்கிய பிறகும், இது திசைதிருப்பல்தான், பெரிய தாக்குதல் பிரான்சின் வேறொரு கரையான கலே பக்கம் வரப்போகிறது என்று செய்தி அனுப்பினார். நம்பினார்கள். ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் பிரிட்டனின் விருதும் அவருக்கே! இதில் எதை முறித்தார்கள்?

ஈழத்து எழுத்தில் 'எதிர்ப்புலனாய்வு' என்று பழகிய சொல் இருக்கிறது. ஒற்று மிகுந்து 'எதிர்ப்பு' என்றே காதில் விழுவதால் எதிரியின் வேலை என்ற குழப்பமும் குறையும். அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? இரு பக்கமும் கூலி வாங்கும் ஒற்றரை அர்த்தசாஸ்திரம் 'உபயவேதனர்' என்கிறது, அதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.

---

> அதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.

கூடாது. 'இருதலை ஒற்றர்' என்று அழகாகச் சொல்ல முடியும்போது எதற்கு? புலனாய்வு என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குக் காவல்துறை வழக்கு விசாரணைதான். வேய் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் யாரும் முறையாக மறுப்புச் சொல்லவில்லை.

---

அனைவருக்கும் நன்றி. இப்போது வியாழன் இரவு பதினொன்று. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் நால்வர் 'உளவுத்தடுப்பு' போதும் என்கிறார்கள், இருவர் 'உளவுமுறி', ஒருவர் 'எதிர்ப்புலனாய்வு', ஒருவர் 'வேய்காப்பு'. தலைப்பில் உளவுத்தடுப்பு என்று போட்டு அனுப்புகிறேன். வகுப்பில் சொன்னால் உடனே புரியும், எனக்கு இப்போது அதுதான் முக்கியம்.

---

அனுப்புங்கள், ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தடுப்பு என்பது வாசலில் நிற்கும் காவல். கார்போ விஷயத்தில் எதிரிக்கு வாசலைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தப் பத்தி உங்கள் இயலில் வருமானால் அங்கே மட்டுமாவது 'தடுப்பு' வராமல் எழுதுங்கள், காலையில் எழுந்ததும் பார்க்கிறேன்.