என் எழுத்துப்பிழையோடு வந்த கட்டுரை

நொய்யல்கரை:
போன மாதம் ஒரு ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்குக் கட்டுரை வந்தது. ஆய்வுமுறைப் பகுதியைப் படிக்கும்போதே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நாலாவது பத்தியில் காட்மியத்துக்கு ஒரு எழுத்து தப்பு. என் ஆய்வேட்டில் நான் கவனிக்காமல் விட்ட அதே தப்பு, அதே வரியில். கை சில்லிட்டுப் போனது. எடிட்டருக்கு எழுதினால், திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டும் ஒற்றுமை 7 சதவீதம்தானே என்கிறார். இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் என் ஆய்வேடு ஸ்கேன் செய்த படமாகக் கிடக்கிறது, மென்பொருளுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. இரண்டு வருஷம் ஆற்றில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தவள் நான்.

மூன்றாம்வருடம்:
7 என்றால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தண்டனையே கிடையாதே மேடம். என் கைடும் "10-க்குள் கொண்டுவா" என்பதோடு சரி. அதற்காகச் சொற்களை மாற்றித் தரச்சொல்லி ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன். 'பிரெஸ்ட் கேன்சர்' என்று இருந்த இடமெல்லாம் 'புஸம் பெரில்' என்று மாற்றித் தந்தார்கள், மார்புக்கு ஆபத்தாம். என் அம்மா இறந்தது அந்த நோயில்தான். அந்தப் பக்கத்தை இன்னும் அழிக்க மனம் வரவில்லை.

நூலக மேசை:
தம்பி, அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் 10 சதவீதம் என்பது எடுத்துக்கொள்ளத் தந்த அனுமதி இல்லை. 2018 விதிமுறை அதைச் சின்ன ஒற்றுமை என்று விடுகிறது, அவ்வளவுதான். மேற்கோள், நூற்பட்டியல், தொடர்ந்து 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவது எல்லாம் ஏற்கெனவே கழிக்கப்படுகின்றன. ஆய்வேட்டில் 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எங்கள் நூலகத்துக்கே ஒரு பேராசிரியர் வந்து "ஒற்றுமைச் சோதனையை அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கி ஓட்டுங்க" என்று நின்றார், மாட்டேன் என்றேன், இன்றுவரை முகம் கொடுப்பதில்லை. நொய்யல்கரை மேடம், நீங்கள் மதிப்பீட்டாளர், கட்டுரை எழுதியவருக்கு நேரடியாக எழுதிவிடாதீர்கள். இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆய்வேட்டின் பக்க எண்ணோடு எடிட்டருக்கே அனுப்புங்கள். ஆய்விதழ்களுக்கான நெறிமுறைக் குழுவான கோப் (COPE) வழிமுறைப்படி அவர்தான் விளக்கம் கேட்க வேண்டும், பதில் திருப்தியாக இல்லையென்றால் கட்டுரை எழுதியவர்களுடைய நிறுவனத்துக்கும் எழுதலாம். ஸ்கேன் பிரதிக்குப் பதிலாக எழுத்து தேடக்கூடிய பிடிஎஃப்பை மாற்றித் தரச்சொல்லி உங்கள் பல்கலைக்கழக நூலகத்திலும் கேளுங்கள்.

நொய்யல்கரை:
பத்திகளை அன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். நேற்று எடிட்டரிடமிருந்து பதில் வந்தது: "அந்தப் பகுதியை என் மாணவி எழுதினாள்" என்று கட்டுரை எழுதியவர் விளக்கம் தந்திருக்கிறாராம். கட்டுரையை மறுபடி திறந்து பார்த்தேன். நாலு பெயர் இருக்கிறது. நாலு பேரும் பேராசிரியர்கள்.