முருங்கைக் கவாத்தும் என் அக்கா மகனும்

நான் மூலனூர்ப் பக்கம் முருங்கை விவசாயம் செய்பவன். விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்த என் அக்கா மகன், பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அறையை விட்டு வெளியே வரவில்லை. அவனுடைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஒரே கணக்கைப் பதினோரு பக்கங்களுக்கு வரி மாறாமல் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நேரத்தைக் குறித்திருந்தான். எல்லாம் இரவு இரண்டு மணிக்கு மேல். "மாமா, செவுத்துக்கு அந்தப்பக்கம் என்னையப் பத்தியே பேசுறாங்க" என்றான். அந்தப் பக்கம் சோளத்தட்டுப் போர் மட்டுமே இருந்தது.

அவன் அம்மாயி, அதாவது என் தாயார், காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். நானோ வயசுக் கோளாறு என்றேன். வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு இருந்ததால் அதுதான் பெரிய கேடாக முடிந்தது. ஏழு மாதங்கள் வீணாயின. கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெற 14416 என்ற எண் இருப்பதுகூட அன்று எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் நாங்கள் பார்த்த மனநல மருத்துவர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, "நீங்க கவாத்துப் பண்றீங்கல்லங்க, அதே வேலைய மூளையும் இந்த வயசுல பண்ணுதுங்க" என்றார். கவாத்தில் நாங்கள் வேண்டாத கிளைகளை வெட்டிவிடுவதுபோல, வளரிளம் பருவத்தில் மூளை, அதிகம் பயன்படாத நரம்பு இணைப்புகளை நீக்குகிறது. திட்டமிடவும் சீர்தூக்கிப் பார்க்கவும் உதவும் மூளையின் முன்பகுதியில் இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. இந்தக் கவாத்தில் ஏற்படும் பிழையே, இல்லாத குரல்களைக் கேட்கச் செய்யக்கூடிய மனச்சிதைவு நோய்க்குக் காரணமாகலாம் என்று 1982ஆம் ஆண்டிலேயே ஃபைன்பெர்க் என்னும் ஆய்வாளர் கருதினார். சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்றும், எலிகளில் அந்த மரபணு இணைப்புகளை நீக்குவதில் பங்கு கொள்கிறது என்றும் 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் இது பல காரணங்களில் ஒன்றுதான், மரபணு இருந்தாலே நோய் வந்துவிடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். என் அக்கா அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அழுகையை நிறுத்தினார்.

வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாக அமெரிக்காவில் கெஸ்லர் குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். நாம் வயசுக் கோளாறு என்று தள்ளிவிடும் அதே வயது.

மருந்தைத் தவறாமல் உட்கொண்டு இப்போது கல்லூரிக்குப் போகிறான். இன்றும் நோட்டின் மூலையில் நேரம் குறிக்கிறான். அது அவன் தூங்கப் போகும் நேரம். இரண்டு நாட்கள் சேர்ந்தாற்போல் தூக்கம் கெட்டால் அவனே என்னை அழைத்துவிடுவான். மறுநாள் முதல் பேருந்திலேயே கோயம்புத்தூருக்குப் புறப்பட்டுவிடுவோம்.