ஓய்விழுப்பும் வீணிழுப்பும்: நிறுத்தி வைத்த காரின் பேட்டரியைத் தீர்ப்பது எது?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரை அணைத்துப் பூட்டிவிட்டுப் போன பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதை 'பாரசிட்டிக் டிரெயின்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில் இதுவரை ஒட்டுண்ணி மின்னிழப்பு, மின்கசிவு, மின்களவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் அக்கறையோடு முன்வைக்கப்பட்டவை என்றாலும், மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சரியான சொல் இல்லாத குறையால் எங்கள் வீட்டில் ஒரு நல்ல பேட்டரி வீணாகத் தூக்கி எறியப்பட்டது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவின் கார் சிங்கப்பூரின் பிடோக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்தில் நிற்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அதற்கு வேலை இல்லை. சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போவதற்காகச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஓசை மட்டும் வரும். பட்டறைக்காரர் பேட்டரியை அளந்து பார்த்து, மின்னழுத்தம் குறைந்திருப்பதைக் காட்டி, "பேட்டரி வீக்" என்று சொல்லி மாற்றினார். ஒன்றரை மாதத்தில் அதே கதை, மீண்டும் மாற்றினார். மலாய் பேசும் மெக்கானிக்குகள் இதை 'பேட்டரி கோங்' என்பார்கள். 'வீக்' என்றாலும் 'கோங்' என்றாலும் 'பேட்டரி செத்துப்போச்சு' என்றாலும் குற்றவாளி பேட்டரிதான் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பேட்டரியிலிருந்து வேறொன்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லாமல் போகிறது.

மூன்றாவது முறை நானே மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது எனலாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பார்த்தபோது இவ்விரண்டு அளவுகளும் எங்கள் காரில் சரியாகவே இருந்தன. பிறகு பானெட்டைத் திறந்து வைத்து, கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருக்கிறது என்று கார் நினைக்கும்படி செய்து பூட்டினேன். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அந்த முனைக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தேன். (இந்த நிலையில் யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, சாதாரண மீட்டர் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கும் மேல்.) முதலில் ஏறக்குறைய 3 ஆம்பியர் காட்டியது. பார்த்த உடனே பதறிவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கம்பியைக் கழற்றி மாட்டியதால் விழித்துக்கொண்ட கணினிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போவதற்கு இருபது நிமிடமும் ஆகும், சில கார்களில் ஒரு மணி நேரமும் ஆகும். நாற்பது நிமிடம் நான் தூணில் சாய்ந்து காத்திருந்தேன். எண் இறங்கி இறங்கி 0.31இல் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

உருகிகளை (ஃபியூஸ்) ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், ஏழாவதைப் பிடுங்கியதும் 0.31 சட்டென்று 0.03 ஆனது. பட்டறையில் பொருத்திய டேஷ்கேமராவின் கம்பியை, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் உருகியில் சேர்க்காமல், எப்போதும் மின்சாரம் இருக்கும் உருகியில் சேர்த்திருந்தார்கள். ஆளில்லாத காரை அது இரவும் பகலும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. 0.31 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.4 ஆம்பியர்-மணி, எங்கள் பேட்டரியின் கொள்ளளவு 45. ஐந்து நாளில் 37 ஆம்பியர்-மணி போனால் சனிக்கிழமை எதை வைத்து இஞ்சினைச் சுழற்றுவது?

இப்போது அந்த 0.03ஐப் பாருங்கள். உருகியைப் பிடுங்கிய பிறகும் அது போகவில்லை, போகவும் கூடாது. கடிகாரம் ஓட வேண்டும், திருட்டு எச்சரிப்பு விழித்திருக்க வேண்டும், சாவியின் அழைப்புக்காகக் கதவு காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இப்படிப் போவது இயல்பு. ஆனால் ஆங்கிலச் சொல் இந்த 0.03ஐயும் சில வேளை ஒட்டுண்ணி என்கிறது, டேஷ்கேமரா எடுத்த 0.28ஐயும் ஒட்டுண்ணி என்கிறது. வீட்டுக்காரரையும் திருடனையும் ஒரே பெயரால் அழைப்பது போன்றது இது. நாம் ஒரு சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக இரண்டு சொற்களை ஆக்க வேண்டும் என்பதே என் வாதம்.

'மின்கசிவு' ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடு. கடைகளில் தீப்பற்றினால் செய்தித்தாள்கள் எழுதுவது அந்தச் சொல்லைத்தான். காப்புறை தேய்ந்து, போகக் கூடாத வழியில் மின்சாரம் போவது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. என் காரில் எதுவும் கசியவில்லை. கேமரா தனக்குரிய கம்பி வழியாக, தனக்குரிய அளவில்தான் எடுத்தது; எடுத்த நேரம்தான் தவறு. கசிவு என்று சொல்லிவிட்டால் மெக்கானிக் தேய்ந்த கம்பியைத் தேடி அரை நாளைக் கழிப்பார். 'மின்களவு' என்றால் மின்வாரியக் கம்பியில் கொக்கி போடுவதே நினைவுக்கு வரும். 'ஒட்டுண்ணி' உயிரியலில் நல்ல சொல்தான். பட்டறையில் அதைச் சொன்னால் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

ஆனால் மக்கள் வாயில் ஒரு வினை தயாராக இருக்கிறது. "ஏசி கரண்ட் நிறைய இழுக்கும்" என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? கருவி மின்சாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் சொல் 'இழு'. அதிலிருந்து 'இழுப்பு'. 'இழுவை' என்று ஆக்கலாமே என்று கேட்கலாம். பழுதான காரைக் கட்டி இழுத்துப் போகும் வண்டியை இழுவை வண்டி என்கிறோம், அதனால் இதே துறையில் குழப்பம் வரும். மூச்சிரைப்பு நோயையும் இழுப்பு என்பார்கள் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் முன்னால் ஓர் அடை சேர்ந்துவிட்டால் அந்த மயக்கம் தீர்ந்துவிடும்.

கார் ஓய்வில் இருக்கும்போது அதன் இயல்பான தேவைக்குப் போவதை 'ஓய்விழுப்பு' என்போம். ஓய்வூதியம் என்ற சொல்லைத் தடையின்றிச் சொல்லும் நாவுக்கு இது கடினமாக இராது. தேவைக்கு மேல், பழுதாலோ தவறான இணைப்பாலோ போவதை 'வீணிழுப்பு' என்போம். வீண்செலவு, வீண்பேச்சு ஆகியவற்றின் பக்கத்தில் அது இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் மின்னோட்டத்தின் அளவைக் குறிப்பவை என்பதால் இரண்டுக்கும் அலகு ஆம்பியர்தான். "ஓய்விழுப்பு 30 மில்லி ஆம்பியர், வீணிழுப்பு 280" என்று பட்டறைச் சீட்டில் எழுதினால், பேட்டரியை மாற்ற வேண்டுமா இணைப்பை மாற்ற வேண்டுமா என்பது படிப்பவருக்கே விளங்கிவிடும்.

ஓய்விழுப்பு இயல்பானது என்பதால் தீங்கே இல்லாதது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஒரு மாதம் போனாலே 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி தீரும். சிவப்பு எண்தகடு மாட்டிய நெரிசலற்ற நேரக் கார்களை வார நாள்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரைதான் கட்டணமின்றி ஓட்டலாம் என்பதால், அவை நாள்கணக்கில் நிற்கின்றன. எடுத்தாலும் பக்கத்துச் சந்தை வரை போய்த் திரும்புவதில் இழந்தது முழுதாக ஏறுவதில்லை. அரைகுறையாகவே கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பேட்டரி உண்மையிலேயே கெட்டுப்போகும். எங்கள் முதல் பேட்டரிக்கு அதுதான் நேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டாவதை, அது கெடும் முன்பே தூக்கி எறிந்தோம்.

எதுவும் இழுக்காமலே பேட்டரிக்குள் தானாகச் சார்ஜ் இறங்குவது வேறு. வெப்பம் கூடக் கூட அது விரைவதால், நம் ஊர்ச் சூட்டில் அதை ஒதுக்கிவிட முடியாது. "சார்ஜ் இறங்கிடுச்சு" என்ற பேச்சுவழக்கை ஒட்டி அதற்குத் 'தன்னிறக்கம்' என்ற சொல்லை எழுதி வைத்திருக்கிறேன். 'தானிறக்கம்' இன்னும் தெளிவாக இருக்குமோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. அடுத்த மாதம் சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கார்ப் பராமரிப்புப் பற்றிப் பேசவிருக்கிறேன். அதற்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் இந்த ஒன்றில் உங்கள் கருத்து வேண்டும்.