ஐந்து ஞாயிறு, ஐந்து நடனப் படங்கள்: எங்கள் ஊர்த் திரையரங்கில் எவற்றைக் காட்டலாம்?

கேள்வி: அரைமண்டி

அனைவருக்கும் வணக்கம். காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். எங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே திரையரங்கின் உரிமையாளர், தை பிறந்ததும் வரும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளின் காலைக் காட்சியை நடனப் படங்களுக்கென்று ஒதுக்கித் தர முன்வந்திருக்கிறார். அரங்குக்கு வாடகை வேண்டாம் என்றும், மின் செலவையும் ஆட்களின் அன்றைய கூலியையும் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். இப்படி ஒரு வாய்ப்பு மீண்டும் அமையாது என்பதால் படங்களைத் தேர்ந்தெடுப்பதில் தவறிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பார்க்க வருபவர்கள் என் மாணவிகள், அவர்களுடைய பெற்றோர், ஊரில் ஆர்வமுள்ள சிலர். எட்டு வயதுப் பிள்ளையும் இருக்கும், எழுபது வயதுப் பாட்டியும் இருப்பார். தமிழ்ப் படங்கள் மட்டும் போதுமா, பிற மொழிப் படங்களையும், வெளிநாட்டு நடனங்களையும் சேர்க்கலாமா, எந்த வரிசையில் காட்டினால் பிள்ளைகள் கடைசி ஞாயிறு வரை சலிக்காமல் வருவார்கள் என்பவை என் கேள்விகள்.

இன்னொரு கவலையும் உண்டு. சென்ற ஆண்டு மாணவிகளை வேன் வைத்து வேறோர் ஊருக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்க்க அழைத்துப் போனேன். அகலமான திரையை நிரப்ப வேண்டும் என்று அந்த அரங்கில் படத்தைப் பெரிதாக்கி ஓட்டினார்கள். நடனக் காட்சி வருகிறது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மேலே கொண்டையும் போய்விட்டது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என் புடவையை இழுத்து, "டீச்சர், காலைக் காணோம்" என்றாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் அரங்கில் அது நடக்காமல் இருக்க நான் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1: நிழற்கூடம்

வணக்கம், அம்மா. ஒரு திரைப்படச் சங்கத்தில் நீண்ட காலம் திரையிடல் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். காலைக் காணோம் என்ற கேள்விக்கு இயந்திரம் தெரிந்தவர்கள் விடை சொல்லட்டும். படங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' என்ற ஆவணப்படத்தைக் காட்டுங்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றிய இந்தப் படம் சுமார் அரை மணி நேரமே ஓடும் என்பதால், புதிதாக வருபவர்களுக்கு அது சுமையாக இராது. மீதி நேரத்தில் நீங்கள் பேசலாம், மாணவிகளில் ஒருத்தியை ஆட வைக்கலாம். சிறுவயதில் கல்கத்தாவில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்திருந்த ராய், அவரைப் படம் பிடித்தபோது அம்மையாருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' ஆடும் இடத்தைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடற்காற்று புடவையை அதன் போக்கில் அலைக்கழிக்கிறது. அவரோ அதைக் கவனியாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தையைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காற்று நடனத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் பார்த்திருந்தால் அவருடைய கைக்கு இருந்த உறுதி இந்த அளவுக்குக் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது, நடனக் கலைஞர் உதயசங்கர் 1948இல் எடுத்த 'கல்பனா'. இந்திப் படம்தான், ஆனால் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவானது. அவர் இயக்கிய ஒரே திரைப்படமும் இதுதான். இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலை மையத்தில் பரதம் கற்பித்தவர், பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றைய வடிவம் தந்த சகோதரர்களான தஞ்சை நால்வரின் வழிவந்த நட்டுவனார் கந்தப்பா பிள்ளை. அவர்தாம் பாலசரஸ்வதியின் குருவும். ஆகவே முதல் வாரமும் இரண்டாவது வாரமும் ஒரே ஆசானின் இரண்டு கிளைகளைப் பார்ப்பது போல அமையும். இயந்திரங்களின் இயக்கத்தை ஆடுபவர்கள் தங்கள் உடலாலேயே காட்டும் காட்சி ஒன்று அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். படம் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும் என்பதால் இடைவேளை கட்டாயம் விடுங்கள். மீட்டெடுக்கப்பட்ட பிரதி 2012ஆம் ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அந்தப் பிரதியைக் கேட்டுப் பெறுவதே முறை.

அதன் பிறகு பத்மினியைப் பின்தொடருங்கள் என்பது என் யோசனை. அவர் முதன்முதலில் திரையில் தோன்றியது கல்பனாவில்தான். சரியாகப் பத்து ஆண்டு கழித்து 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்', அதில் பி. லீலாவும் ஜிக்கியும் பாட, அவரும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடுவதை உங்கள் ஊர்ப் பாட்டிமார் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். மேலும் பத்து ஆண்டு கழித்து 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. இருபது ஆண்டுகளில் ஒரே நடனக்காரரின் உடல் எப்படி மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை மூன்று வாரங்களில் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஐந்தாவது வாரத்துக்கு வெளிநாட்டுப் படம் ஒன்று இருக்கட்டும். ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் 2011இல் முப்பரிமாணத்தில் எடுத்த 'பினா' என் விருப்பம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து நடனக் குழுவை நடத்திய பினா பௌஷ், படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் 2009இல் காலமானார். அவரில்லாமல் அவருடைய ஆட்டக்காரர்களே அந்தப் படத்தைத் தாங்கி நிற்கிறார்கள். மேடை முழுவதும் மண் பரப்பி ஆடுவதைப் பார்த்தால் நம் பிள்ளைகள் தரையைப் பற்றிப் புதிதாக யோசிப்பார்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கிறது என்று இறக்கிக் காட்டிவிடாதீர்கள். ஊராருக்குப் பொதுவில் காட்டுவதானால் உரிமை வைத்திருப்பவரின் இசைவும் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். பழைய இந்தியப் படங்களின் பிரதியும் உரிமையும் யாரிடம் உள்ளன என்பதைப் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் விசாரித்துத் தொடங்குங்கள். தை மாதத்துக்கு இப்போதே கடிதம் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

பதில் 2: ஆபரேட்டர் அறை

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது டிஜிட்டல் புரொஜெக்டரையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி.

பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருக்கமானது. உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய அரங்குகளில் வழங்கும் அளவுகள் இரண்டு: ஃபிளாட் என்றால் 1.85, ஸ்கோப் என்றால் 2.39. பழைய படத்தைப் பெரிதாக்கி ஃபிளாட் அகலத்தை நிரப்பினால் உயரத்தில் நூற்றுக்கு 26 பங்கு போய்விடும். ஸ்கோப் அகலத்தை நிரப்பினால் 43 பங்கு போய்விடும். பேசும் காட்சியில் இது பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் முகம் நடுவில்தான் இருக்கும். ஆடும் காட்சியில் போவது காலும் தலையும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973இல்தான் என்பதால், நீங்கள் காட்டப்போகும் பழைய தமிழ்ப் படம் எதற்கும் ஸ்கோப் திரையை முழுக்க நிரப்பும் தகுதி கிடையாது என்று உரிமையாளரிடம் தயங்காமல் சொல்லலாம்.

முறையாகத் தயாரித்த டிசிபி, அதாவது அரங்குகளுக்கென்று வரும் டிஜிட்டல் பிரதி, வந்தால் பிரச்சினை இல்லை. ஃபிளாட் சட்டகம் 1998க்கு 1080 புள்ளிகள். அதற்குள் பழைய படம் 1480க்கு 1080 என்று நடுவில் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். ஆபரேட்டரிடம் "ஃபிளாட்டில் வையுங்கள், ஜூம் செய்ய வேண்டாம், பக்கவாட்டில் இழுக்கவும் வேண்டாம்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். இழுப்பது வெட்டுவதைவிட மோசமானது என்பது என் எண்ணம். வெட்டினால் தெரிந்துவிடும், இழுத்தால் ஆடுபவர் குள்ளமாகவும் பருமனாகவும் ஆகி, முழங்காலை மடித்துப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியின் அளவே தவறாகப் பிள்ளைகள் மனதில் பதியும்.

சனிக்கிழமை இரவுக் காட்சி முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி, நடனக் காட்சியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பாதமும் உச்சியும் ஒருசேரத் தெரிய வேண்டும். அப்போதே ஓசையையும் கவனியுங்கள். ஒரு சட்டகம் திரையில் நிற்பது ஏறக்குறைய 42 மில்லிநொடி. காற்றில் ஓசை ஒரு மீட்டர் கடக்க மூன்று மில்லிநொடி பிடிக்கும். எனவே திரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி உட்காருபவருக்குக் கால் தரையில் பட்டு இரண்டு சட்டகம் கழிந்த பிறகே தட்டு கேட்கும். பேச்சில் இதைக் காது மன்னித்துவிடும், தாளத்தில் மன்னிக்காது. பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள்; நடு வரிசைகள்தான் அவர்களுக்கு.

முப்பரிமாணப் படம் போடுவதானால் அந்த அரங்கின் புரொஜெக்டரில் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கண்ணாடி போட்டால் வெளிச்சம் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடும். பழைய விளக்காக இருந்தால் படம் மங்கித்தான் தெரியும்.

பதில் 3: தட்டுக்கழி

நான் நட்டுவாங்கம் செய்பவன்; ஆடுபவருக்குத் தாளம் தட்டி ஜதி சொல்வது என் வேலை. மேலே இருவரும் கண்ணைப் பற்றிச் சொன்னார்கள். காதைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன்.

டிசிபி கிடைக்காமல் டிவிடியிலிருந்து காட்டும் நிலை வந்தால், அது எங்கே தயாரானது என்று பாருங்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25 ஆக்கியிருந்தால், நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். காலப்பிரமாணம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடும், சுருதியும் ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறிவிடும். சாதாரணமாகப் பார்ப்பவர் இதை உணர மாட்டார். ஆனால் மூன்றாம் காலத்தில், அதாவது மிக விரைவான காலத்தில், தீர்மானம் என்னும் முடிப்பு அடவுகளை ஆடுவதைப் பார்த்துவிட்டு, "அவர்கள் அவ்வளவு வேகமாக ஆடினார்களே" என்று வகுப்பில் ஒரு பிள்ளை மூச்சிரைத்தால் நாம் என்ன பதில் சொல்வது?

திரைப்படப் பாடல் காட்சிகளில் பாட்டை முதலில் பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டுத்தான் ஆடுகிறார்கள். நாம் கேட்கும் சலங்கை அந்தக் காலில் ஒலித்த சலங்கைதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜதியைக் காதால் கணக்கிடாமல் காலைப் பார்த்துக் கணக்கிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதற்கும் கால் தெரிய வேண்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' விஷயத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் படத்தின் நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் அடிக்குரல் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. ஒலியைக் குறைக்காமல் ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கும் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் வீட்டுக்குப் போய் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கடைசி வாரத்துக்குப் 'பினா'வைவிட ஸ்பானிய இயக்குநர் கார்லோஸ் சௌராவின் 1981ஆம் ஆண்டு 'ரத்தத் திருமணம்' பொருந்தும் என்று நினைக்கிறேன். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் நாடகத்தை அந்தோனியோ காதெஸின் நடனக் குழு ஸ்பானிய நடனமான ஃபிளமெங்கோவாக ஆடியது. ஒப்பனை அறையில் தொடங்கி ஒத்திகைக் கூடத்தில் முடியும் படம், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மரத் தரையில் அவர்கள் குதிகாலை இறக்குவதைப் பார்த்தால் பாதத்தைத் தரையில் தட்டிப் பழகும் முதல் அடவான தட்டடவு கற்கும் பிள்ளைக்கு உடனே உறவு தெரியும். இறுதியில் இருவர் கத்தியோடு மோதும் காட்சி மெதுவாக நகர்கிறது. கேமராவின் வேகத்தை மாற்றி எடுத்ததல்ல அது. ஆடுபவர்களே இசையின்றி, மூச்சைப் பிடித்து, அவ்வளவு மெதுவாக ஆடுகிறார்கள். பெரிய பிள்ளைகளை ஒரு முறை அப்படி மெய்யடவு செய்து பார்க்கச் சொல்லுங்கள், தொடை நடுங்கும்.

அரைமண்டி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நான்கு வாரங்களுக்கு நிழற்கூடம் ஐயா சொன்ன வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அரங்கில் முப்பரிமாண வசதி இல்லை என்று இன்று கேட்டறிந்தேன், ஆகவே ஐந்தாவது வாரம் ஃபிளமெங்கோதான். கத்திச் சண்டை இருப்பதால் சிறிய பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவேன். நாதஸ்வரக்காரர் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

உரிமையாளருக்கு ஒரே ஒரு தயக்கம். இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டால், படம் முழுதாகத் தெரியவில்லை என்று மக்கள் சத்தம் போடுவார்கள் என்கிறார். திரையின் அகலம் நாற்பது அடி. பக்கத் திரைச்சீலை பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என்ன செய்யலாம்?

ஆபரேட்டர் அறை

வெண்திரை வெறுமையாகத் தெரிவதால்தான் மக்களுக்கு அப்படித் தோன்றுகிறது, அம்மா. ஓரத்தை மூடிவிட்டால் கண் படத்தின் அளவையே திரையின் அளவாக எடுத்துக்கொள்ளும். நாற்பது அடி அகலம் முழுவதும் ஃபிளாட் அளவுக்கு என்றால் பழைய படம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை அடி அகலத்தில் விழும்; உயரம் இருபத்தொன்றரை அடிக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு பக்கமும் ஐந்தடி இரண்டு அங்குலம் மிஞ்சும். பளபளப்பில்லாத தடித்த கறுப்புத் துணியாகப் பார்த்து, தைப்பதற்கும் மடிப்பதற்கும் சேர்த்து ஆறடி அகலத்தில் இரண்டு வாங்குங்கள். மேலே ஒரு கம்பியில் வளையம் கோத்து மாட்டிவிட்டால், காட்சி முடிந்ததும் ஒதுக்கிவிட்டு மதியப் படத்தை ஓட்டலாம். கீழ் விளிம்பில் கனமான கயிற்றை உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றுக்குத் துணி படத்தின் மேல் அடித்துக்கொண்டிருக்கும்.